பாசியிலும் ஒட்டுண்ணியிலும் கணிகத்துக்குப் புரதம் போகிற வழி: விலாசம் எழுத்திலா, குணத்திலா?

#1 மைக்ரோஸ்கோப்_அம்மிணி (ஞாயிறு, காலை 7:12)

வணக்கமுங்க. கோவையில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு ஃபியோடாக்டைலம் என்ற டயாட்டத்தின் (ஒற்றைச் செல் பாசி வகை) புரதம் ஒன்றை எடுத்திருந்தேன். கணிகத்துக்குள் கொழுப்பு அமிலம் செய்யும் வரிசையில் அது ஒரு நொதி. ஒரு புரதம் செல்லுக்குள் எங்கே போகும் என்று கணித்துச் சொல்லும் நிரலில் வரிசையைப் போட்டேன். "செல்லுக்கு வெளியே சுரக்கப்படும்" என்று விடை வந்தது. அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கைடு படித்துப் பார்த்துவிட்டு, "கொழுப்பு அமில ஃபேக்டரியைக் கொண்டுபோய் நொய்யலில் கொட்டுகிறதா உன் டயாட்டம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்தவர்கள் பெயரெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், அது தனிக்கணக்கு.

வியாழக்கிழமை இதே தலைப்பில் செமினார். கணிகத்துக்குப் போகவேண்டிய புரதத்தை நிரல் ஏன் வெளியே அனுப்பியது? புரதத்துக்கு வழி எப்படித்தான் தெரிகிறது? எங்கள் பாடப்புத்தகம் "பின்கோடு போல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

#2 திருப்பூர்_பார்சல் (காலை 7:40)

அம்மிணி, நான் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவன். பத்தாவதோடு சரி. விலாசம், பின்கோடு என்று கண்ணில் பட்டதால் உள்ளே வந்தேன். கணிகம் என்றால் இலையில் பச்சையாக இருக்குமே, அதுதானே? அது அங்கேயேதான் இருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து சரக்கு எதற்கு?

#3 கோபி_வாத்தியார் (காலை 9:05)

பார்சல் தம்பி கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு செல், நீலப்பச்சைப் பாசி ஒன்றை விழுங்கியது. செரிக்கவில்லை. உள்ளே போனது அங்கேயே குடியிருந்து சமைத்துப் போட ஆரம்பித்தது. அதுதான் பின்னாளில் கணிகம். பச்சைப் பாசி, சிவப்புப் பாசி, கிளாக்கோஃபைட் என்ற மூன்று வம்சமும் அந்த ஒரே விருந்தாளியின் வழி வந்தவை. நம் வயல் நெல்லும் தோட்டத்து மஞ்சளும் பச்சைப் பாசியின் கிளை.

குடிவந்தவர் தன் சொத்துப் பத்திரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்காரரின் பெட்டியில் வைத்துவிட்டார். மரபணுக்கள் செல்லின் உட்கருவுக்குப் போய்விட்டன. இன்று ஒரு பசுங்கணிகம் வேலை செய்ய இரண்டாயிரம், மூவாயிரம் வகைப் புரதங்கள் வேண்டும். அதன் சொந்த டிஎன்ஏவில் மிச்சம் இருப்பதோ சுமார் நூறு புரதங்களுக்கான குறிப்பு. சிவப்புப் பாசிகளில் இருநூறைத் தொடும். மற்றதெல்லாம் உட்கருவின் உத்தரவுப்படி வெளியே, செல் சாற்றில், தயாராகிறது. அங்கிருந்து உள்ளே வந்து சேரவேண்டும். சரக்குப் போக்குவரத்து அதற்குத்தான் தம்பி.

நிலத்தாவரத்தில் பாதை எளிது. கணிகத்துக்கு இரண்டு சவ்வு. வெளிச்சவ்வில் உள்ள வாயில் டாக், உட்சவ்வில் உள்ளது டிக். புரதத்தின் முன்முனையில் டிரான்சிட் பெப்டைட் என்று ஒரு வால் இருக்கும். முன்முனையை வால் என்பது தப்புத்தான், ஆனால் பழகிவிட்டது. அதைப் பார்த்து வாயில் திறக்கும். உள்ளே போனதும் ஒரு நொதி அதை நறுக்கிவிடும். புரதத்துக்குள்ளேயே அது போகவேண்டிய இடத்தின் அடையாளம் இருக்கிறது என்ற பெரிய யோசனைக்காகத்தான் குன்டர் ப்ளோபெல் 1999இல் நோபல் வாங்கினார். அவர் காட்டியது வேறு வாயில், எண்டோபிளாச வலை என்ற, செல்லுக்குள் பரவிய சவ்வுப் பின்னலுக்கான சிக்னல் பெப்டைட். அதுவும் இந்தக் கதையில் வரப்போகிறது.

#4 திருப்பூர்_பார்சல் (காலை 9:31)

புரிந்ததுங்க வாத்தியாரே. பண்டல் மேல் மார்க் எழுதுகிறோம், குடோனில் பார்த்து இறக்குகிறார்கள், பிரித்ததும் மேல் சாக்கைக் கிழித்துப் போடுகிறார்கள். இதில் அம்மிணியின் நிரலுக்கு என்ன குழப்பம்?

#5 மைக்ரோஸ்கோப்_அம்மிணி (காலை 9:44)

டயாட்டத்தின் கணிகத்துக்கு நாலு சவ்வுங்க அண்ணா.

#6 திருப்பூர்_பார்சல் (காலை 9:45)

நாலா! யார் கட்டிய வீடு அது?

#7 கோபி_வாத்தியார் (காலை 11:20)

யாரும் கட்டவில்லை. விழுங்கியவனை இன்னொருவன் விழுங்கினான், அவ்வளவுதான்.

கணிகத்தோடு வாழ்ந்துகொண்டிருந்த ஒரு சிவப்புப் பாசியை வேறொரு செல் முழுசாக விழுங்கியது. அந்தச் சிவப்புப் பாசியின் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாம் காலப்போக்கில் கரைந்தன. மிஞ்சியது அதன் கணிகமும் சுற்றிய சவ்வுகளும். உள்ளே இரண்டு கணிகத்தின் சொந்தச் சவ்வு. மூன்றாவது செத்துப்போன சிவப்புப் பாசியின் மேல்தோல். நாலாவது, எல்லாவற்றுக்கும் வெளியே, புதிய முதலாளியின் எண்டோபிளாச வலையோடு தொடர்ச்சியாக இருக்கிறது.

ஆகவே டயாட்டத்தில் கணிகம் செல் சாற்றில் மிதக்கவில்லை. எண்டோபிளாச வலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அங்கே போக முதலில் வலைக்கான சிக்னல் பெப்டைட் வேண்டும். அதற்குப் பின்னால்தான் டிரான்சிட் பெப்டைட். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே முனையில்.

அம்மிணி, உன் நிரல் முதல் மார்க்கைப் பார்த்திருக்கிறது. சிக்னல் பெப்டைட் இருந்தால் பெரும்பாலான செல்களில் அந்தப் புரதம் வெளியே சுரக்கப்படும். அதன் அறிவுக்கு அது சரியாகவே சொல்லியிருக்கிறது.

#8 திருப்பூர்_பார்சல் (காலை 11:52)

எங்களிடமும் இது உண்டுங்க. நேர் வண்டி இல்லாத ஊருக்கு, மேலே ஈரோடு குடோன் ஸ்லிப், அதற்கு அடியில் கடைசி ஊர் ஸ்லிப். ஈரோட்டில் மேல் ஸ்லிப்பைக் கிழித்தால்தான் அடியில் இருப்பது தெரியும். கிழிக்காமல் விட்டால் பண்டல் ஈரோட்டிலேயே கிடக்கும், பார்ட்டி எனக்குத்தான் போன் போட்டுத் திட்டுவார்.

#9 கோபி_வாத்தியார் (மதியம் 12:10)

அச்சு அசல். வலைக்குள் நுழைந்ததும் சிக்னல் பெப்டைடை ஒரு நொதி வெட்டி எடுக்கிறது. அதன் பிறகுதான் டிரான்சிட் பெப்டைட் முன்முனைக்கு வருகிறது. அம்மிணி, செமினாரில் பின்கோட்டை விட்டுவிட்டு இந்த ஸ்லிப்பைச் சொல்.

#10 அவினாசி_ரோடு (மதியம் 2:37)

பயோஇன்ஃபர்மேட்டிக்ஸில் சம்பளம் வாங்குகிறவன், ஆகவே நிரலுக்காக வக்காலத்து.

தங்கச்சி பயன்படுத்தியது அனேகமாக நிலத்தாவரங்களின் புரதங்களை வைத்துப் பழக்கிய நிரலாக இருக்கும். அதற்கு இரட்டை ஸ்லிப் தெரியாது. டயாட்டத்தில் பார்க்க வேண்டியது சிக்னல் பெப்டைட் வெட்டுப்படும் இடத்தை. அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில எழுத்து என்று எழுதினால், அங்கே ஏ-எஸ்-ஏ-எஃப்-ஏ-பி என்ற ஆறெழுத்துக் கோலம் அடிக்கடி வரும். வெட்டு அந்த எஃபுக்கு முன்னால் விழும், ஆக டிரான்சிட் பெப்டைடின் முதல் எழுத்து எஃப், அதாவது ஃபீனைல்அலனின். சுற்றியுள்ள எழுத்துகள் மாறலாம், அந்த எஃப் முக்கியம். ஃபியோடாக்டைலத்திலேயே பச்சை ஒளிரும் புரதத்தைச் சரக்காக ஒட்டிச் சோதித்திருக்கிறார்கள். எஃபை அலனின் ஆக்கினால் சரக்கு கணிகத்துக்குள் போகாமல் பக்கத்தில் குமிழ் மாதிரி ஓரிடத்தில் தேங்கி நிற்கிறது. இரண்டாம் சவ்வுக்கும் மூன்றாம் சவ்வுக்கும் நடுவே, அதாவது பழைய சிவப்புப் பாசியின் செல் சாறு இருந்த இடம் அது.

இன்னொன்று, இதில் நானே அடிபட்டிருக்கிறேன். தரவுத்தளத்தில் இருக்கும் மரபணு மாதிரியை நம்பாதே. முன்முனையில் உள்ள சின்ன எக்ஸானை, அதாவது புரதக் குறிப்புள்ள மரபணுத் துண்டை, தானியங்கிக் கணிப்பு பல சமயம் தவறவிடும். விலாசம் இருப்பதே முன்முனையில்தான். அது விட்டுப்போனால் கணிகப் புரதம் செல் சாற்றுப் புரதமாகத் தெரியும். ஒரு தடவை அப்படி இருபத்துச் சொச்சம் புரதங்களை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, மூன்று மாதம் கழித்து ஆர்என்ஏ தரவைப் பார்த்துத் திரும்பவும் பொறுக்கினேன். புரதம் தொடங்குவது மெதியோனினில். முதல் மெதியோனினுக்கு மேலே இன்னொரு மெதியோனின் இருக்கிறதா என்று கண்ணால் பார்.

#11 மஞ்சள்_மண்டி (மாலை 5:02)

காலையிலிருந்து படிக்கிறேன். வாத்தியார் பின்கோடு இல்லை என்கிறார். அவினாசி ரோடு ஆறெழுத்துச் சொல்கிறார். ஆறெழுத்து என்றால் பின்கோடுதானே? நம் பின்கோடும் ஆறிலக்கம்தான். யாரோ ஒருவர் தோற்றுவிட்டார், யார் என்று மட்டும் சொல்லுங்கள்.

#12 கோபி_வாத்தியார் (மாலை 6:15)

வந்துவிட்டார் மண்டிக்காரர், தராசோடு.

பின்கோட்டில் ஒரு இலக்கம் மாறினால் கடிதம் வேறு ஊருக்குப் போகும். டிரான்சிட் பெப்டைட் அப்படி இல்லை. ஒரே செடியின் நூறு கணிகப் புரதங்களை எடுத்து முன்முனைகளை அடுக்கிப் பாருங்கள். நீளம் ஒத்துப்போகாது, எழுத்து ஒத்துப்போகாது. ஒத்துப்போவது குணம்தான்: செரைனும் திரியோனினும் தாராளம், அமிலத்தன்மை உள்ள அமினோ அமிலங்கள் அரிது, மொத்தத்தில் நேர்மின் பக்கம் சாய்வு.

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின் சீட்டில் இருவர் பேசுகிறார்கள். அரை நிமிடத்தில் நம் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்துவிடும். எந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? "ஏனுங்க" என்று சொல்லவே வேண்டியதில்லை. இழுப்பு, மரியாதை, சொல்லை முடிக்கிற விதம், எல்லாம் சேர்ந்து காட்டிக்கொடுக்கிறது. டாக் வாயில் கேட்பது அந்தப் பேச்சுவாடையை.

எஃப் விஷயத்தில் அரைத் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். அது எழுத்துத்தான். ஆனால் டயாட்டத்தில் அந்த இடத்தில் டிரிப்டோபேன், டைரோசின், லியூசின் இருந்தாலும் உள்ளே விடுகிறது. எஃபும் புதிதல்ல. சிவப்புப் பாசியிலும் கிளாக்கோஃபைட்டிலும் முன்முனையருகே அது ஏற்கெனவே இருக்கிறது. தாத்தா வீட்டுப் பேச்சுப் பேரனிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி, வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாம் சவ்வு. இதை எழுதத்தான் காலையிலிருந்து கை துறுதுறுக்கிறது. முதல் சவ்வைச் சிக்னல் பெப்டைட் பார்த்துக்கொள்கிறது, கடைசி இரண்டை டாக், டிக் வழிவந்தவை பார்த்துக்கொள்கின்றன. சிவப்புப் பாசியின் மேல்தோலுக்கு என்ன வாயில்? மேல்தோலில் அப்படி வாயில் எந்தச் செல்லிலும் கிடையாது. வெகுகாலம் யாருக்கும் விடை இல்லை.

கிரிப்டோஃபைட் என்ற பாசிகளில் விழுங்கப்பட்டவனின் உட்கரு முழுக்கக் கரையவில்லை. நியூக்ளியோமார்ஃப் என்று குட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கில்லார்டியா தீட்டா என்ற பாசியின் அந்தக் குட்டி உட்கருவை 2001இல் முழுசாகப் படித்தார்கள், மொத்தமே 551 கிலோபேஸ். அதில் டெர்1 வகைப் புரதத்துக்கான மரபணு ஒன்று இருந்தது. சாதாரணச் செல்லில் டெர்1 எண்டோபிளாச வலையில் இருக்கும். வேலை, சரியாக மடியாத புரதங்களை வலைக்குள்ளிருந்து வெளியே இழுத்துப் போட்டு அழிப்பதற்கு அனுப்புவது. குப்பைக் கதவு. ஆனால் அந்தச் சிவப்புப் பாசிக்கு இப்போது வலையே கிடையாதே, குப்பைக் கதவு எதற்கு?

2007இல் ஜெர்மனியின் மார்பர்க் ஆய்வாளர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். குப்பைக் கதவைப் பெயர்த்து, இரண்டாம் சவ்வில் தலைவாசலாக மாட்டியிருக்கிறது. அன்று வெளியே இழுத்த அதே இழுவை இன்று உள்ளே இழுக்கிறது. டெர்1 மட்டுமல்ல, இழுக்கிற சிடிசி48, சீட்டு ஒட்டுகிற யுபிக்விட்டின் பரிவாரம் எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது. செல்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொல்லைக் கதவைக் கழற்றி முன்வாசலில் மாட்டிய வீட்டை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறேன், ஆனால் அங்கே தாழ்ப்பாள் கடைசிவரை சேரவில்லை.

#13 மஞ்சள்_மண்டி (மாலை 6:31)

பேச்சுவாடை உவமையை ஏற்றுக்கொள்கிறேன். அரைத் தோல்வியையும் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

#14 காங்கேயம்_மாட்டு_டாக்டர் (இரவு 9:48)

தலைப்பில் ஒட்டுண்ணி என்று இருக்கிறது, இன்னும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நான் தொடங்குகிறேன்.

மலேரியாக் கிருமி, பூனை வழியாக வரும் டாக்ஸோபிளாஸ்மா, கலப்பின மாட்டுக்கு உண்ணி வழியாக வரும் தைலேரியா, சிவப்பு மூத்திரம் போகவைக்கும் பபீசியா, கோழியின் ரத்தக் கழிச்சலுக்குக் காரணமான ஐமீரியா. இத்தனையும் ஒரே கூட்டம், இத்தனைக்கும் உள்ளே ஒரு கணிகம் இருக்கிறது. பச்சை இல்லை, வெயிலில் சமைப்பதில்லை. ஏபிகோபிளாஸ்ட் என்று பெயர். நாலு சவ்வு. ஒளிச்சேர்க்கையை இழந்த சிவப்புப் பாசி வழிக் கணிகம் என்பதே இன்று வலுவான கருத்து. 2008இல் சிட்னி துறைமுகத்துப் பவளத்திலிருந்து குரோமேரா என்ற பாசியை விவரித்தார்கள். இந்த ஒட்டுண்ணிகளின் நெருங்கிய உறவு, ஆனால் இன்னும் வெயிலில் சமைக்கிறது. இவர்களின் முன்னோர் பாசிதான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இந்தக் கூட்டத்திலேயே கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில கணிகத்தைத் தொலைத்துவிட்டன.

மலேரியாக் கிருமிக்குள் ஒரு வட்ட டிஎன்ஏ 1970களிலேயே கண்ணில் பட்டது. மைட்டோகாண்ட்ரியாவுடையது என்று நினைத்துவிட்டார்கள். 1996இல் 35 கிலோபேஸ் முழுவதும் படித்து முடித்தபோது கணிகத்தின் டிஎன்ஏ என்பது உறுதியானது. அதில் உள்ளது முப்பது புரதச் சொச்சம், பெரும்பாலும் வீட்டுப் பராமரிப்புக்கானவை. மற்ற நூற்றுக்கணக்கான புரதங்கள் உட்கருவிலிருந்து வரவேண்டும். அதே இரட்டை ஸ்லிப்.

இதை 1998லிருந்து ஒட்டுண்ணியிலேயே சோதித்தார்கள். ஒளிரும் சரக்கில் இரண்டு ஸ்லிப்பும் ஒட்டினால் ஏபிகோபிளாஸ்டில் பச்சைப் பொட்டு. முதல் ஸ்லிப் மட்டும் என்றால் சரக்கு செல்லுக்கு வெளியே போய்விடுகிறது, அம்மிணியின் நிரல் சொன்ன மாதிரியே. மலேரியாக் கிருமியில் இரண்டாவது ஸ்லிப் மட்டும் என்றால் செல் சாற்றிலேயே நின்றுவிடுகிறது. குப்பைக் கதவும் இங்கே இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மாவில் அந்த டெர்1ஐ நிறுத்தினால் கணிகத்துக்குச் சரக்கு வருவது நின்று ஒட்டுண்ணி சாகிறது.

எழுத்தா குணமா என்ற வழக்குக்கு என் சாட்சி: மலேரியாக் கிருமிக்கு அந்த எஃப் தேவையில்லை. நேர்மின்சுமை வேண்டும், குறிப்பாக முன்பகுதியில். அதன் டிஎன்ஏவின் நாலு எழுத்தில் ஏ (A), டி (T) இரண்டும் சேர்ந்து சுமார் 80 சதவீதம். அந்தச் சாய்வில் லைசினும் அஸ்பராஜினும் தானாகவே குவிகின்றன. ஆகவே அதன் டிரான்சிட் பெப்டைட் நம் நெல்லுடையது மாதிரி இருக்காது. ஒரே குணம், வேறு வட்டார வழக்கு.

#15 பல்லடம்_பண்ணை (திங்கள், காலை 5:50)

டாக்டருங்க, நான் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் தரையில் போட்ட மஞ்சி ஈரமானால் ரத்தக் கழிச்சல் வந்து நிற்கும். அந்தக் கிருமிக்குள் பாசி இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும். அப்படியானால் நாங்கள் கொடுக்கும் மருந்தெல்லாம் அந்தப் பாசியைத்தான் அடிக்கிறதா?

#16 காங்கேயம்_மாட்டு_டாக்டர் (திங்கள், காலை 8:20)

இல்லைங்க. ஆம்ப்ரோலியம், தையமின் என்ற வைட்டமின் போல வேஷம் போட்டு ஐமீரியாவைப் பட்டினி போடுகிறது. தீவனத்தில் கலக்கும் மோனென்சின், சலினோமைசின் வகையறா சவ்வுகளின் அயனிக் கணக்கைக் குலைக்கிறது. தைலேரியாவுக்குப் போடும் புபர்வகோன் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குகிறது. எதுவும் கணிகத்தின் பக்கம் போவதில்லை.

கணிகத்தைத் தாக்குவதற்கு நல்ல உதாரணம் மனித மலேரியாவில் இருக்கிறது. டாக்ஸிசைக்ளின், கிளிண்டமைசின் இரண்டும் பாக்டீரியா மருந்து. மலேரியாக் கிருமி பாக்டீரியா இல்லை, பின் ஏன் கேட்கிறது? கணிகம் பழைய பாக்டீரியாதானே, அதற்குள் புரதம் செய்யும் இயந்திரம் இன்னும் பாக்டீரியாப் பாணியில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் மருந்து பட்ட கிருமி அந்தச் சுற்றில் சாவதில்லை. 48 மணி நேரச் சுற்றை முடித்து, பெருகி, வெளியே வந்து, புது ரத்தச் செல்களுக்குள்ளும் நுழைந்துவிடும். அதன் பிள்ளைகள்தான் அங்கே சாகின்றன. உருப்படியான கணிகம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை.

கணிகம் இல்லாவிட்டால் ஏன் சாகவேண்டும்? 2011இல் ஒரு சோதனை செய்தார்கள். ஐசோபெண்டெனைல் பைரோபாஸ்பேட் என்ற, ஐசோபிரீன் வகைகளுக்கு மூலமான ஒரே ஒரு பொருளை வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றிக்கொடுத்தால், ரத்த நிலை மலேரியாக் கிருமி கணிகமே இல்லாமல் பிழைத்துக்கொண்டது. அந்த நிலையில் அதற்குக் கணிகம் தேவைப்படுவது அந்த ஒரு சரக்குக்காக. தைலேரியாவும் பபீசியாவும் இன்னும் சிக்கனம். கொழுப்பு அமிலம் செய்யும் வரிசையையே கணிகத்திலிருந்து கழற்றிவிட்டன, ஐசோபிரீன் வேலையை மட்டும் வைத்துக்கொண்டன.

பண்ணைக்காரர் கவனத்துக்கு: மஞ்சியைக் கிளறிவிட்டு, தண்ணீர் நிப்பிள் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ரத்தக் கழிச்சலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

#17 மஞ்சள்_மண்டி (திங்கள், காலை 8:41)

உள்ளே செடி இருக்கிறதென்றால் களைக்கொல்லி அடித்தால் போச்சு. இதற்கு எதற்கு இவ்வளவு படிப்பு?

#18 காங்கேயம்_மாட்டு_டாக்டர் (திங்கள், காலை 9:10)

கிண்டலாகக் கேட்டாலும் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். புல் வகைக் களைகளைக் கொல்லும் மருந்துகளில் ஒரு குடும்பம், கணிகத்தில் கொழுப்பு அமிலத்தின் முதல் படியைச் செய்யும் நொதியை அடைக்கிறது. அதே குடும்பத்து மருந்துகள் டாக்ஸோபிளாஸ்மாவின் வளர்ச்சியையும் ஆய்வகத்தில் தடுத்தன என்று 1999இல் வெளியானது. அதே வருடம் ஃபாஸ்மிடோமைசின் என்ற மருந்து மலேரியாக் கிருமியின் ஐசோபிரீன் வழியை அடைப்பதையும் காட்டினார்கள். ஆய்வகத் தட்டில் நடந்ததைத் தோட்டத்து டப்பாவை வைத்து முயற்சி செய்ய வேண்டாம். ஈரோட்டு மார்க்கெட்டில் யார் எதைக் கலந்து விற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

#19 அவினாசி_ரோடு (திங்கள், மதியம் 1:15)

வழக்குக்குக் கடைசிச் சாட்சி. இதைப் படித்த அன்று கேன்டீனில் தனியாகச் சிரித்தேன்.

டிரான்சிட் பெப்டைட் குணத்தால் ஆனது என்றால், அந்தக் குணமுள்ள எந்த எழுத்து வரிசையும் வேலை செய்ய வேண்டுமே? 2008இல் மலேரியாக் கிருமியில் சோதித்தார்கள். சிக்னல் பெப்டைடுக்குப் பின்னால், சம்பந்தமில்லாத மரபணுத் துண்டுகளைச் சொருகினார்கள். சில வேலை செய்தன. எழுத்துகளைக் கலைத்துப் போட்ட வரிசைகளிலும் பல வேலை செய்தன. அப்புறம் விளையாட்டாக, ஆங்கிலச் சொற்களையே அமினோ அமில எழுத்தாக வைத்து எழுதிச் சொருகினார்கள். அவையும் சரக்கைக் கணிகத்துக்குக் கொண்டுபோயின.

அத்தனை மரபணு உட்கருவுக்குக் குடிபெயர்ந்தபோது, ஒவ்வொன்றுக்கும் திரும்பிப்போக ஸ்லிப் எங்கிருந்து கிடைத்தது என்ற பழைய கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. அந்த வாடை கொஞ்சம் அடித்தால் போதும், பக்கத்தில் கிடக்கும் எந்தத் துண்டும் ஸ்லிப் ஆகிவிடும்.

#20 பல்லடம்_பண்ணை (திங்கள், மதியம் 1:22)

அப்படியென்றால் பல்லடம் என்று எழுதினால் போகுமா?

#21 அவினாசி_ரோடு (திங்கள், மதியம் 1:40)

ஆங்கில எழுத்தில் எழுதினால் நடுவில் ஒரு டி வருகிறது. அது அஸ்பார்டிக் அமிலம், எதிர்மின். கொஞ்சம் சந்தேகம்.

ஈரோடு தேறவே தேறாது. முன்னாலும் பின்னாலும் இ, நடுவில் டி, மூன்றும் அமிலம். போதாததற்கு ஓ என்ற எழுத்து இருபது அமினோ அமிலப் பட்டியலிலேயே இல்லை. திருப்பூரில் யு இருக்கிறது, அதுவும் பட்டியலில் இல்லை. கோபியில் ஓவும் பி (B) எழுத்தும்.

காங்கேயம் பரவாயில்லை, கே-ஏ-என்-ஜி-ஏ-ஒய்-ஏ-எம் என்று எழுதினால் எட்டெழுத்தும் செல்லும், ஒரு லைசின், அமிலம் இல்லை. ஆனால் பரிசு நாமக்கல்லுக்குத்தான். என்-ஏ-எம்-ஏ-கே-கே-ஏ-எல். எட்டும் செல்லும், இரண்டு லைசின், ஒரு அஸ்பராஜின், அமிலம் ஒன்றுகூட இல்லை. டாக்டர் சொன்ன மலேரியா வட்டார வழக்கு அச்சாக இருக்கிறது. எட்டெழுத்துப் போதாது, நாலைந்து தடவை திருப்பி எழுத வேண்டியிருக்கும். இதை யாரும் சோதிக்கவில்லை, என் மத்தியான விளையாட்டு.

#22 மஞ்சள்_மண்டி (திங்கள், மதியம் 1:44)

முட்டையும் அவர்களுக்கு, லாரியும் அவர்களுக்கு, இப்போது இதுவுமா. ஈரோட்டுக்காரன் என்ற முறையில் ஆட்சேபம் தெரிவிக்கிறேன்.

#23 கோபி_வாத்தியார் (திங்கள், இரவு 8:00)

சிரித்து முடித்தாயிற்றா. அம்மிணி, செமினாரில் எவராவது மடக்கினால் கைவசம் இரண்டு வைத்துக்கொள்.

எல்லாக் கணிகத்துக்கும் நாலு சவ்வு என்று சொல்லிவிடாதே. யூக்ளினா விழுங்கியது பச்சைப் பாசியை, கணிகத்துக்கு மூன்று சவ்வு. அங்கே வெளிச்சவ்வு வலையோடு ஒட்டியிருப்பதில்லை. சரக்கு எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு வழியாகச் சவ்வுப் பையில் ஏறிப் போகிறது. டிரான்சிட் பெப்டைடுக்குப் பின்னால் நீரை வெறுக்கும் துண்டு ஒன்று நங்கூரமாக நிற்பதால் புரதம் முழுசாக உள்ளே போகாமல், பையின் சவ்வில் குத்திக்கொண்டு, உடம்பு வெளியே தொங்கியபடி பயணம் செய்கிறது. டவுன் பஸ் படிக்கட்டில் நம் பையன்கள் போவது மாதிரி. டைனோஃபிளஜெல்லேட்டுகளும் தனியாக இதே தந்திரத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இன்னொன்று பாலினெல்லா. ஓட்டுக்குள் வாழும் சின்ன அமீபா. அது விழுங்கிய நீலப்பச்சைப் பாசி நம் கதையின் விருந்தாளி இல்லை, தனி. சுமார் பத்துக் கோடி ஆண்டு முன்னால்தான், இந்தக் கணக்கில் முந்தாநேத்து. அங்கே சில சின்னப் புரதங்கள் ஸ்லிப்பே இல்லாமல் கோல்கை வழியாகப் போகின்றன. பெரியவற்றுக்கு இருநூறு அமினோ அமிலம் அளவுக்கு நீண்ட ஸ்லிப். சுருக்கி எழுத இன்னும் பழகவில்லை போல.

#24 மைக்ரோஸ்கோப்_அம்மிணி (வியாழன், இரவு 9:26)

செமினார் முடிந்ததுங்க. ஈரோடு குடோன் ஸ்லிப்பைச் சொன்னபோது கைடு தலை ஆட்டினார். நாமக்கல்லைச் சொன்னபோது சிரித்தார், நோட்டில் எழுதியும் கொண்டார்.

அவினாசி ரோடு அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி முன்முனையைத் தேடினேன். என் மாதிரியில் எக்ஸான் எதுவும் விட்டுப்போகவில்லை. சிக்னல் பெப்டைட் வெட்டுப்படும் இடத்துக்கு அடுத்த எழுத்து எஃப். முதல் நாளே என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. இரண்டாம் செமஸ்டரில் ஒளிரும் புரதம் ஒட்டிப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

ஒரு கேள்விக்குத்தான் திணறினேன். டயாட்டத்தில் கணிகம் வலைக்குள்ளேயே இருக்கிறது, சரி. மலேரியாக் கிருமியில் ஏபிகோபிளாஸ்ட் தனியாக இருக்கிறதே, வலைக்குள் போன சரக்கு அங்கிருந்து எப்படிப் போகிறது என்று ஒரு அக்கா கேட்டார். சவ்வுப் பை என்று சொல்லிச் சமாளித்தேன்.

#25 காங்கேயம்_மாட்டு_டாக்டர் (வியாழன், இரவு 10:03)

சமாளிப்பு இல்லை, பலரும் சொல்வது அதுதான். கோல்கை வழியாகவா, அதைத் தொடாமலா என்பதில்தான் சண்டை. கோல்கைப் போக்குவரத்தை நிறுத்தும் பிரிஃபெல்டின் கொடுத்தும் மலேரியாக் கிருமியில் சரக்கு ஏபிகோபிளாஸ்டுக்குப் போனதாக 2006இல் காட்டினார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. அந்த அக்காவிடம் இதைச் சொல்.

#26 கோபி_வாத்தியார் (வெள்ளி, காலை 6:30)

சந்தோஷம் அம்மிணி. ஞாயிற்றுக்கிழமை கோவை வருகிறேன், பேத்தி வீட்டுக்கு. சிங்காநல்லூர் குளத்தில் கரையோரத் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்து வை. கல்லில் வழுக்கும் பழுப்புப் படலத்தைச் சுரண்டிப் போடு, டயாட்டம் அதில்தான். மேலே பச்சை மிதந்தால் அதிலும் கொஞ்சம், யூக்ளினா கிடைக்கலாம். பாட்டிலில் பாதிக்குமேல் நிரப்பாதே, மூடியை இறுக்காதே, வெயிலில் வைக்காதே.

#27 திருப்பூர்_பார்சல் (வெள்ளி, காலை 6:52)

நானும் வரலாமுங்களா? அந்த நாலு சவ்வு வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்க்கவேண்டும்.

#28 கோபி_வாத்தியார் (வெள்ளி, காலை 7:01)

வா தம்பி. சவ்வு எண்ணித் தெரியாது, அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். பழுப்பாகக் கணிகம் தெரியும். பத்து மணிக்கு.